காலுக்கு ஏற்ற சப்பாத்து

மனித உடம்பின் பாரம் முழுவதையும் நாள்தோறும் சுமந்து நிற்கும் உறுப்பு பாதம். ஆயினும், உறுப்புகள் எல்லாவற்றுள்ளும் மிகக் குறைவாக எண்ணிப் பார்க்கப்படுவதும் அதுவே. கண் மங்கினால் கண்ணாடி தேடுகிறார்கள். பல் நொந்தால் வைத்தியரிடம் போகிறார்கள். கால் நொந்தால் மாத்திரம், நடக்க நடக்கச் சரியாகிவிடும் என்று சொல்லி மேலும் நடப்பதே பெரும்பாலோர் வழக்கம். நடப்பவர்க்கே இந்நிலை என்றால், ஓடுபவர்க்குப் பாதத்தைப் பற்றிய அறிவு எவ்வளவு வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஊவா மாகாணத்திலே, கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,400 மீற்றர் உயரத்தில், ஒடுங்கிய மலைமுதுகு ஒன்றின்மீது அமைந்த ஊர் அப்புத்தளை. அதன் தெற்கே நிலம் செங்குத்தாகத் தாழ்ந்து சமவெளியை நோக்கி இறங்குகின்றது. ஏனைய திசைகளில் தேயிலை மலைகள் அடுக்கடுக்காக எழுகின்றன. 1890ஆம் ஆண்டில் தோமஸ் லிப்டன் வாங்கிய தம்பேதன்னைத் தோட்டத்துக்கு நகரிலிருந்து செல்லும் வீதியிலே ஒருமுறை நடந்தவர்க்கும் இவ்வூரின் இயல்பு விளங்கும். ஏற்றம் முடியும் இடத்தில் வளைவு. வளைவு முடியும் இடத்தில் இறக்கம். வீதியை விட்டு லயங்களுக்கு இறங்கினால் கற்படிகளும் மழைநீர் அரித்த ஒற்றையடிப் பாதைகளுமே வழி. சமதரை என்பது இங்கே அருமையான பொருள்.

இத்தகைய வீதிகளிலேதான் தோட்டப்புறப் பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டிகளுக்கு முன்னர் மரதன் ஓட்டம் நடைபெறுகின்றது. அந்த ஓட்டத்திலே நிற்கும் பிள்ளைகளின் கால்களைப் பார்த்தால் நான்கு வகையினர் தென்படுவர். சிலர் வெறுங்காலர். சிலர் பாடசாலைக்கென வாங்கிய வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து அணிந்தவர். சிலர் அண்ணனுடைய சப்பாத்தை நாடாவால் இறுக்கிக் கட்டியவர். இன்னுஞ் சிலர் பளபளக்கும் புதுச் சப்பாத்தை அன்றைக்கே முதன்முதலாக அணிந்து வந்தவர். ஓட்டம் முடிந்த பின்னர் கொப்புளத்தோடும், கறுத்த நகத்தோடும், முழங்கால் வலியோடும் வீடு திரும்புவோர் இந்நான்கு வகையிலும் உண்டு.

நாட்கூலியில் வாழும் ஒரு குடும்பத்துக்கு ஒரு சோடிச் சப்பாத்து என்பது பல நாள் உழைப்பு. பின்தங்கிய பாடசாலைகளின் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்க அரசாங்கம் அண்மைய ஆண்டுகளில் பற்றுச்சீட்டு வழங்கியதுண்டு. அந்தச் சீட்டும் ஆண்டுக்கொரு முறை வருவது. தவறாகத் தெரிந்தெடுத்தால் மாற்றி வாங்க வழியில்லை. பிள்ளை அந்த ஆண்டு முழுவதும் அதையே அணிய வேண்டும். ஆதலின், எந்தச் சப்பாத்து நல்லது என்ற கேள்வி நாகரிகத்தைப் பற்றிய கேள்வியன்று. பணத்தையும் உடல்நலத்தையும் பற்றிய கேள்வி.

சப்பாத்து என்னும் சொல் போர்த்துக்கேயரிடமிருந்து தமிழுக்கு வந்தது. ஆயினும் காலணி தமிழர்க்குப் புதியதன்று. தொடுதோல் என்ற பழஞ்சொல்லே அதற்குச் சான்று. தோட்டங்களில் குடியேறிய மக்களோ நெடுங்காலம் வெறுங்காலோடேயே உழைத்தனர். அதனால் விளைந்த கேட்டைச் சரித்திரம் காட்டுகின்றது. கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் மலம் கலந்த ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்பினுள் நுழைவன. குருதியை உறிஞ்சி, சோகையை உண்டாக்கி, உழைப்பாளியின் வலிமையை அவை குன்றச் செய்தன. 1916ஆம் ஆண்டிலே றொக்பெல்லர் நிதியத்தின் துணையுடன் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கப்பட்டதற்கு இதுவே காரணம். காலைக் காக்க வேண்டும் என்ற பாடத்தை மலைநாடு இவ்வாறு நோயின் வாயிலாகவே கற்றது.

எனினும், வெறுங்காலால் ஓடியவர் உலகையே வென்றதுண்டே என்று வினவுவோர் இருப்பர். அது மெய். 1960ஆம் ஆண்டு உரோம் நகரிலே நடந்த ஒலிம்பிக் மரதன் ஓட்டத்தில், எத்தியோப்பிய வீரர் அபேபே பிக்கிலா வெறுங்காலோடு ஓடிப் பொற்பதக்கம் பெற்றார். அங்கே அவருக்குக் கிடைத்த சப்பாத்துகள் காலுக்கு வசதியாகப் பொருந்தவில்லை. வெறுங்காலால் ஓடிப் பழகியிருந்தமையால் அவ்வாறே ஓடத் துணிந்தார். நான்கு ஆண்டுகளின் பின், 1964இல், டோக்கியோ நகரில் சப்பாத்து அணிந்து ஓடி மீண்டும் பொற்பதக்கம் பெற்றார். இவ்விரு வெற்றிகளையும் சேர்த்துப் பார்த்தால் உண்மை புலப்படும். பொருந்தாத சப்பாத்தை அணிவதிலும் அணியாமை நன்று. பொருந்தும் சப்பாத்து கிடைத்தால் அதை அணிவது நன்று. வெற்றி சப்பாத்தின் பெயரில் இல்லை; பொருத்தத்திலும் பழக்கத்திலுமே இருக்கின்றது.

பொருத்தம் என்பதை விளங்கிக்கொள்ள முதலிற் பாதத்தின் அமைப்பை அறிதல் வேண்டும். ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் உள்ளன. அவை தட்டையான பலகைபோல் அடுக்கப்படவில்லை. வில்லைப்போல வளைத்துக் கட்டப்பட்டுள்ளன. உட்புறமாகக் குதியிலிருந்து பெருவிரலின் அடிவரை செல்லும் வளைவு ஒன்று. வெளிப்புறமாகச் செல்லும் தாழ்ந்த வளைவு ஒன்று. குறுக்காக அமைந்த வளைவு ஒன்று. இம்மூன்று வளைவுகளையும் தசைகளும் நரம்புபோன்ற உறுதியான தசைநார்களும் இழுத்துப் பிடித்திருக்கின்றன. குதியிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் விரிந்துள்ள தடித்த நார்ப்பட்டை, வில்லுக்கு நாண்போல நின்று அவ்வளைவைக் காக்கின்றது.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடம்பின் பாரத்தைப்போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை பாதத்தின்மீது இறங்குகின்றது. ஒரு கிலோமீற்றர் ஓடும் சிறு பிள்ளையின் இரு பாதங்களும் ஏறக்குறைய ஆயிரம் முறை நிலத்தில் பதிகின்றன. அவ்வாறு பதியும் நேரத்தில் பாதம் சற்றே உட்புறமாகச் சாய்கின்றது. வளைவு சிறிது தாழ்ந்து விசையை ஏற்றுக்கொள்கின்றது. பின்னர் நிமிர்ந்து உடம்பை முன்னே தள்ளுகின்றது. இந்த உட்சாய்வு நோயன்று; இயற்கை அமைத்த அதிர்ச்சி தாங்கி. அது அளவு மீறும்போதும், அறவே குறையும்போதுமே தொல்லை தோன்றக்கூடும்.

வளைவு மிகத் தாழ்ந்த பாதத்தைத் தட்டைப்பாதம் என்பர். அது நிலத்தில் பதியும்போது மிகுதியாக உட்புறம் சாய்வதுண்டு. அதனோடு கணுக்காலும் முழங்காலும் உட்புறம் திரும்பும். வளைவு மிக உயர்ந்த பாதமோ விறைப்பானது; எளிதிற் சாயாது. அதனால் அதிர்ச்சி குதியிலும் முன்பாதத்திலும் குவியும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே பெரும்பாலோருடைய பாதம்.

தம் பாதம் எவ்வகையது என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. காலை நனைத்து, காய்ந்த சீமெந்துத் தரையிலோ பழைய தாளிலோ இயல்பாக ஊன்றி எடுத்தால் சுவடு விழும். உள்ளங்கால் முழுவதும் பதிந்திருந்தால் வளைவு தாழ்ந்தது. குதியும் முன்பாதமும் மாத்திரம் பதிந்து, நடுவில் மெல்லிய கோடு விழுந்தோ விழாமலோ இருந்தால் வளைவு உயர்ந்தது. நடுப்பகுதி பாதியளவு பதிந்திருந்தால் இடைத்தரமானது. இச்சுவடு நிற்கும் பாதத்தைக் காட்டுமேயன்றி ஓடும் பாதத்தைக் காட்டாது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். இது முதற்குறிப்பு, முடிந்த தீர்ப்பன்று.

சிறு பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். குழந்தைகள் யாவரும் தட்டைப்பாதத்தோடேயே நடக்கத் தொடங்குகின்றனர். வளைவு முதற் பத்தாண்டுகளில் மெல்ல மெல்ல உருவாகின்றது. ஆறு வயதுப் பிள்ளையின் சுவடு தட்டையாக இருப்பது கண்டு பெற்றோர் அஞ்ச வேண்டுவதில்லை. பிள்ளையை நுனிக்காலில் நிற்கச் சொல்லிப் பின்புறமிருந்து பார்த்தால் போதும். அப்போது வளைவு தோன்றுமாயின் பாதம் நெகிழ்ச்சியுள்ளது. வலி இல்லாவிடில் அதற்குச் சிறப்பான சப்பாத்து வேண்டியதில்லை. நுனிக்காலில் நின்றபோதும் வளைவு தோன்றாமல் பாதம் விறைத்திருந்தாலோ, வலி இருந்தாலோ வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

இரண்டாவது சாட்சி பழைய சப்பாத்து. அதை மேசைமீது வைத்துப் பின்புறமிருந்து நோக்குக. அடியில் குதியின் வெளி ஓரம் சற்றே தேய்ந்திருப்பது பெரும்பாலோர்க்கு இயல்பு. சப்பாத்தின் உடலே உட்புறமாகச் சரிந்து, உள் ஓரம் நசுங்கியிருந்தால் பாதம் அளவு மீறி உட்சாய்வது தெரியவரும். வெளி ஓரம் முழுவதும் குதி முதல் சிறுவிரல் வரை தேய்ந்திருந்தால் பாதம் வெளிப்புறமாக ஊன்றுகின்றது. ஒரு காலின் சப்பாத்து மற்றையதிலும் மிகுதியாகத் தேய்ந்திருந்தால் நடையில் ஏற்றத்தாழ்வு இருக்கலாம். அதற்குக் காரணம் காலின் நீள வேறுபாடாகவும் இருக்கலாம். வழக்கமாக ஒரு தோளிற் சுமக்கும் பாரமாகவும் இருக்கலாம். ஆதலின், புதிது வாங்கப் போகும்போது பழையதையும் எடுத்துச் செல்வது அறிவுடைமை.

இனி, ஓட்டச் சப்பாத்தின் உறுப்புகளைக் காண்போம். தரையிற் படும் அடிப்பகுதி றப்பரினால் ஆனது. வழுக்காமற் பிடித்துக்கொள்வது அதன் வேலை. அதற்கு மேலே நுரைபோன்ற தடித்த தட்டு இருக்கின்றது. அதிர்ச்சியைத் தணிப்பது அது. குதியைச் சூழ்ந்து பின்புறம் எழும் உறுதியான கட்டு, குதி அங்குமிங்கும் அசையாமற் காக்கின்றது. மேற்பகுதி துணியாலோ வலையாலோ தோலாலோ ஆகிப் பாதத்தைத் தழுவி நிற்கின்றது. தாங்கும் சப்பாத்து என்று கடைக்காரர் கூறும் வகையிலே, நுரைத்தட்டின் உட்பக்கம் சற்றே கடினமாக்கப்பட்டிருக்கும்; உட்சாய்வைக் குறைப்பது அதன் நோக்கம். மெத்தைச் சப்பாத்து என்னும் வகையிலே நுரை மிகுதி; அதிர்ச்சி தணிப்பதே அதன் நோக்கம். சாதாரணக் கன்வஸ் சப்பாத்திலோ நுரைத்தட்டு மெல்லியது, குதிக்கட்டு மென்மையானது. வகுப்புக்கும் மைதானத்தில் சிறிது நேர விளையாட்டுக்கும் அது போதுமானது. நாள்தோறும் தார் வீதியில் நெடுந்தூரம் ஓடுவதற்கென அமைந்ததன்று.

தட்டைப்பாதத்துக்குத் தாங்கும் சப்பாத்து, உயர்வளைவுக்கு மெத்தைச் சப்பாத்து என்ற விதி நெடுங்காலம் கடைகளில் ஓதப்பட்டு வந்தது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்விதியை ஆய்வாளர் சோதித்துப் பார்த்தனர். ஐக்கிய அமெரிக்காவின் தரைப்படை, விமானப்படை, கடற்படைச் சேனை ஆகியவற்றின் பயிற்சியாளர் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வுகள் 2009, 2010ஆம் ஆண்டுகளில் வெளியாயின. பாதத்தின் வடிவத்தைப் பார்த்துச் சப்பாத்துக் கொடுக்கப்பட்டவர்க்கும், வடிவத்தைப் பாராமல் எல்லோர்க்கும் ஒரே வகை கொடுக்கப்பட்டவர்க்கும் காயத்தில் வேறுபாடு மிகச் சிறிதாகவே இருந்தது. ஆனால், 2016இல் வெளியான லக்சம்பேர்க் ஆய்வொன்று 372 ஓட்டக்காரரை ஆறு மாதம் தொடர்ந்து கவனித்தது. பாதம் மிகுதியாக உட்சாய்பவர்க்குத் தாங்கும் சப்பாத்து காயத்தைக் குறைத்தது என்பது அதன் முடிபு. 2022இல், இத்தகைய ஆய்வுகள் பன்னிரண்டை ஒருங்கே தொகுத்து நோக்கிய கொக்ரேன் அமைப்பினர், எந்த வகைச் சப்பாத்து காயத்தைத் தடுக்கும் என்று உறுதியாகக் கூறப் போதிய சான்று இல்லை என்றே எழுதினர்.

இவற்றிலிருந்து கொள்ளத்தக்க பொருள் யாது? சுவட்டை மாத்திரம் பார்த்துச் சப்பாத்தை விதிப்பது போதாது. அளவு மீறிய உட்சாய்வும் அதனால் வலியும் உள்ளவர்க்குத் தாங்கும் வகை துணை செய்யலாம். ஏனையோர்க்கு முதல் அளவுகோல் பொருத்தமும் வசதியுமே. அணிந்து ஓடிப் பார்க்கும்போது கால் எதை நெருடலின்றி ஏற்றுக்கொள்கின்றதோ அதுவே பெரும்பாலும் சரியான தேர்வு.

விலையைப் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. விலை உயர உயரக் காலுக்கு நன்மையும் உயரும் என்று பலர் கருதுகின்றனர். ஸ்கொட்லாந்தின் டண்டீ நகர ஆய்வாளர், ஒரே நிறுவனங்களின் மலிவான, இடைத்தரமான, விலையுயர்ந்த ஓட்டச் சப்பாத்துகளை ஒப்பிட்டு 2008ஆம் ஆண்டில் முடிபை வெளியிட்டனர். உள்ளங்காலின் அழுத்தத்தைத் தணிப்பதில் மலிவானவை விலையுயர்ந்தவற்றுக்குச் சளைக்கவில்லை. வசதியிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஓட்டத்துக்கென அமைந்த எளிய சப்பாத்து, பெயர்பெற்ற சின்னத்தைப் போலியாக ஒட்டிய அழகுச் சப்பாத்திலும் மேலானது. அழகுச் சப்பாத்துகள் பலவற்றில் ஓட்டச் சப்பாத்தின் தோற்றம் உண்டு. அதன் உறுப்புகள் இல்லை.

கடைக்குச் செல்லுமுன் வீட்டிலே செய்யவேண்டிய வேலை ஒன்றுண்டு. சுவரோரமாக ஒரு தாளை விரித்து, குதி சுவரிற் படும்படி முழுப்பாரத்தையும் ஊன்றி நின்று, பாதத்தைச் சுற்றிக் கோடு வரைக. இரண்டு பாதங்களையும் வரைதல் வேண்டும். ஏனெனில் பலருக்கு ஒரு பாதம் மற்றையதிலும் சற்றுப் பெரிது. பெரிய பாதத்துக்கே சப்பாத்து வாங்குவது முறை. நீளமான விரல் எப்போதும் பெருவிரலாக இருப்பதில்லை. சிலர்க்கு இரண்டாம் விரலே நீளம். பெற்றோர் பிள்ளையை விட்டுவிட்டுத் தனியே பண்டாரவளைக்கோ பதுளைக்கோ சென்று வாங்கும் நிலை ஏற்பட்டால், இத்தாளை வெட்டியெடுத்து, சப்பாத்தினுள் இருக்கும் உள்ளட்டையைக் கழற்றி அதன்மீது வைத்துப் பார்க்கலாம். பாதத்தின் கோடு உள்ளட்டைக்கு வெளியே வழியுமானால் அச்சப்பாத்து ஒடுக்கம். ஆயினும் பிள்ளையையே அழைத்துச் செல்வதற்கு இது ஈடாகாது.

பாதம் நாள் முழுவதும் நடந்தபின் சற்று வீங்கும். ஆதலின், மாலை வேளையில் வாங்குவது நன்று. ஓடும்போது அணியும் அதே மேசை அணிந்து பார்த்தல் வேண்டும். எழுந்து நின்றபின், நீளமான விரலுக்கும் சப்பாத்தின் முனைக்கும் இடையே ஒரு பெருவிரல் அகலம், அதாவது ஏறக்குறைய ஒரு சென்றிமீற்றர் இடம் இருத்தல் வேண்டும். விரல்கள் உள்ளே தாராளமாக அசைய வேண்டும். குதி மேலெழும்பி வழுகக் கூடாது. கையால் வளைத்தால், விரல்கள் மடியும் இடத்திலேயே சப்பாத்தும் மடிய வேண்டும். நடுவிலே மடிவது தளர்ந்த சப்பாத்து. துணி பிழிவதுபோல் முறுக்கினால் சிறிது எதிர்ப்புக் காட்ட வேண்டும். குதிக்கட்டைப் பெருவிரலால் அழுத்தினால் எளிதில் நசுங்கக் கூடாது. இவ்வளவும் பார்த்த பின், கடைக்கு வெளியே சில அடி தூரமாவது விரைந்து நடந்தும் ஓடியும் பார்த்தல் வேண்டும். போடப் போடத் தளரும் என்ற கடைக்காரரின் உறுதிமொழியை நம்பி, கடிக்கும் சப்பாத்தை வாங்குதல் கூடாது.

பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கும் பெற்றோர், அடுத்த ஆண்டுக்கும் உதவட்டும் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவதுண்டு. அவர்களுடைய சிக்கனத்தைக் குறைகூறுதல் நியாயமன்று. ஆயினும் அச்சிக்கனம் பயன் தருவதில்லை. பெரிய சப்பாத்தினுள் பாதம் முன்னும் பின்னும் வழுகும், கொப்புளம் எழும், இறக்கத்தில் விரல்கள் முனையில் மோதும், கல்லில் தடுக்கிப் பிள்ளை விழும். மடியும் இடமும் மாறிப்போவதால் சப்பாத்தும் விரைவிற் கிழியும். பெருவிரல் அகல இடமே வளர்ச்சிக்கு விடத்தக்க இடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த இடம் எஞ்சியிருக்கின்றதா என்று அழுத்திப் பார்த்தல் வேண்டும். பிறர் அணிந்த சப்பாத்தைப் பெறுவோரும் அதன் நுரைத்தட்டு ஒருபுறம் நசுங்கியிருக்கின்றதா என்று கவனித்தல் வேண்டும். ஒருவருடைய நடையில் உருமாறிய சப்பாத்து மற்றொருவருடைய காலையும் அந்த வழியிலேயே சாய்க்கும்.

மலைநாட்டு ஓட்டத்துக்கெனச் சில தனிக் கவனங்கள் உண்டு. கடைகளில் உள்ள ஓட்டச் சப்பாத்துகளிற் பெரும்பாலானவை சமதரைத் தார் வீதியை மனத்திற் கொண்டு செய்யப்பட்டவை. அப்புத்தளை போன்ற இடங்களில் ஏற்றத்தில் கெண்டைத்தசையும் குதிநாணும் இழுபடுகின்றன. இறக்கத்தில் முழங்காலும் கால்விரலும் அடிபடுகின்றன. இறக்கத்தில் ஓடியவரின் பெருவிரல் நகம் கறுப்பதற்குக் காரணம் பாதம் முன்னோக்கி வழுகி முனையில் மோதுவதே. இதைத் தடுக்க, நாடாவின் இரு முனைகளையும் கடைசித் துளையிலே அந்தந்தப் பக்கமாகவே செலுத்திச் சிறு கண்ணி அமைத்து, ஒரு முனையை எதிர்க் கண்ணியினூடாக இழுத்து முடிச்சிட வேண்டும். அப்போது குதி பின்புறத்தோடு ஒட்டி நிற்கும். விரல்கள் முன்னே தள்ளப்படா. மண் பாதையில் ஓடுவோர்க்கு அடியில் ஆழமான வரிகள் உள்ள சப்பாத்து வேண்டும். வரிகள் தேய்ந்து வழவழப்பானால் ஈரமான கற்படியில் அது ஆபத்து.

வடகீழ்ப் பருவமழை இப்பகுதியை நனைக்கும் மாதங்களில் சப்பாத்து உலர்வது அரிது. அடுப்பின் அருகே வைத்து உலர்த்தினால் பசை இளகி அடி பிரியும், நுரையும் சுருங்கும். உள்ளட்டையைக் கழற்றி, பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணித்து, தாள் நனைந்ததும் மாற்றி, காற்றோட்டமான இடத்தில் வைப்பதே முறை. நெடுந்தூரம் ஓடிய சப்பாத்து வெளியே புதிதாகத் தோன்றினும் உள்ளே நுரை இறுகிப்போயிருக்கும். 500 முதல் 800 கிலோமீற்றர் வரை ஓடியபின் அதைப் பயிற்சிக்குப் பயன்படுத்தாமல் நடைக்கு ஒதுக்குவது பொதுவான வழக்கம்.

போட்டி நாளிலே புதுச் சப்பாத்தை முதன்முதலாக அணிவது பெருந்தவறு. வெறுங்காலால் ஓடிப் பழகிய பிள்ளையின் உள்ளங்கால் உறுதியானது, விரல்கள் அகன்றவை. அப்பிள்ளைக்கு அகலமான முன்பகுதி உள்ள சப்பாத்தைத் தெரிந்து, இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே வாங்கிக் கொடுத்து, முதலில் நடையும் பின்னர் சிறு ஓட்டமுமாகப் பழக்குதல் வேண்டும். அவ்வாறு பழக்க இயலாவிடின், துப்புரவான மைதானத்தில் குறுந்தூரம் ஓடும் பிள்ளையைப் புதுச் சப்பாத்தை அணியுமாறு அன்றைக்குக் கட்டாயப்படுத்தாமல் விடுவதே மேல்.

ஓடாதவர்க்கும் இவ்வறிவு பயன்படும். நாள் முழுவதும் சரிவிலே நின்று கொழுந்து பறிக்கும் பெண்களிற் பலர், காலையில் எழுந்து முதலடி வைக்கும்போது குதியில் முள் குத்துவதுபோன்ற வலி உண்டென்று கூறுவர். முன்னர்க் கூறிய உள்ளங்கால் நார்ப்பட்டை குதியெலும்பிற் சேரும் இடத்தில் நைந்து நோவதால் இவ்வலி உண்டாவது வழக்கம். தேய்ந்த மெல்லிய றப்பர்ச் செருப்பு இதற்கு உதவாது. குதியில் மெத்தையும் வளைவிற் சிறிது தாங்கலும் உள்ள காலணி, படுக்கையை விட்டு எழுமுன் பாதத்தை மேல்நோக்கி இழுத்து நீட்டும் பயிற்சி, சுவரிற் கைகளை ஊன்றிக் கெண்டைத்தசையை நீட்டும் பயிற்சி ஆகியன பலர்க்கு நோவைத் தணிக்கும். நீரிழிவு உள்ளவர்க்கு உள்ளங்காலின் உணர்ச்சி குறையக்கூடும்; கல் குத்தியதும் தெரியாது. அத்தகையோர் வெறுங்காலோடு நடத்தலாகாது. சப்பாத்தை அணியுமுன் உள்ளே கைவிட்டுப் பார்த்தும், இரவில் பாதத்தை விளக்கொளியிற் பார்த்தும் வருதல் வேண்டும்.

சப்பாத்தினால் தீராத குறைகளும் உண்டு. எலும்பின் ஓரிடத்தில் மாத்திரம் அழுத்தினால் நோதல், இரவில் ஓய்ந்திருக்கும்போதும் வலித்தல், வீக்கம், மரத்துப்போதல், முன்பு வளைவாக இருந்த ஒரு பாதம் புதிதாகத் தட்டையாதல், பிள்ளை நொண்டி நடத்தல் ஆகியவற்றுள் எது தோன்றினும் கடைக்குப் போகாமல் வைத்தியசாலைக்குப் போதல் வேண்டும். தியத்தலாவையிலும் பதுளையிலும் அரசாங்க வைத்தியசாலைகள் இருக்கின்றன. வைத்தியர் காலைப் பரிசோதித்து, வேண்டுமாயின் என்பியல் நிபுணரிடமோ இயன்மருத்துவரிடமோ அனுப்புவார். வளைவைத் தாங்கும் தனி உள்ளட்டை தேவையா என்பதையும் அவர்களே தீர்மானிக்கத் தக்கவர்.

பாடசாலைகள் இதிற் செய்யத்தக்கது சிறிதே; ஆயினும் அது பயனுடையது. தவணைத் தொடக்கத்திலே ஒரு நாள், ஒரு தாளும் ஓர் அளவுகோலும் கொண்டு பிள்ளைகளின் பாதங்களை அளந்து, அளவை எழுதிப் பெற்றோரிடம் அனுப்பலாம். பற்றுச்சீட்டோடு கடைக்குச் செல்லும் தாய் அந்தத் துண்டையும் கையிலே கொண்டு செல்வாள். விளையாட்டுப் பொறுப்பாசிரியர், மரதன் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் பழைய சப்பாத்துகளை ஒருமுறை திருப்பிப் பார்க்கலாம். ஒருபுறம் சரிந்த சப்பாத்தைக் கண்டால், கால் நோகின்றதா என்று கேட்கலாம். வெட்கத்தினாலோ, ஓட்டத்திலிருந்து நீக்கிவிடுவார்கள் என்ற அச்சத்தினாலோ வலியை மறைக்கும் பிள்ளைகள் பலர். கேட்டால் சொல்வார்கள்.

கடையிலே அழகும் பெயரும் விலையும் கண்ணைக் கவரும். அவற்றைக் கடந்து, இந்தப் பாதம் எவ்வாறு ஊன்றுகின்றது, இந்தச் சப்பாத்து அதனோடு பொருந்துகின்றதா என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டு வாங்குபவர், குறைந்த பணத்திலும் நல்ல சப்பாத்தைப் பெறுவர். அதை அணிந்த பிள்ளை அப்புத்தளை வீதியின் ஏற்றத்தில் ஏறி, இறக்கத்தில் இறங்கி, நகம் கறுக்காமலும் குதி நோகாமலும் வீடு வந்து சேரும்.